திரைக்குப் பின்னே செல்வோர்

நாட்டுக்கூத்து நிகழும் இரவுகளிற் களரிக்கு முன்னே பாய் விரித்திருந்து விடியுமளவும் ஆட்டம் பார்ப்போர் ஒருசாரார். களரிக்குப் பின்னே கிடுகு மறைப்பின் இடுக்கிற் கண்ணை வைத்து, அரசனாக வரவிருப்பவன் முகத்துக்கு முத்துவெள்ளை பூசுவதையும், முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சுருட்டுப் புகைப்பதையும் பார்த்து நிற்கும் சிறுவர் மற்றொருசாரார். அரசன் எந்த வீட்டுக்காரன் என்பது அச்சிறுவர்க்குத் தெரியும். அவன் முடி அட்டையாலானது என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், மத்தள ஒலியோடு அவன் களரியிற் புகும்போது முன்னே ஓடிவந்து வாய்திறந்து நிற்பவரும் அவர்களே.

இவ்வியல்பு கூத்துப் பார்ப்போர்க்கு மட்டும் உரியதன்று. திரைப்படம் விரும்புவோரிடத்தும் இஃது உண்டு. படங்களை வீட்டிலே வீடியோ நாடாவாகவும் இறுவட்டாகவும் சேர்த்துவைத்து, நல்ல நூலைப் படிப்பதுபோலத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு கூட்டத்தார் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலே தோன்றினர். தாம் போற்றும் படங்கள் ஆக்கப்பட்ட இடத்தை நேரிற் காண விரும்பி அவர்கள் ஸ்ரூடியோக்களுக்குச் செல்வதும், ஸ்ரூடியோக்காரர் அவர்களை உள்ளே அழைத்துச்சென்று காட்டுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. அங்ஙனம் சென்றோர்க்குக் காட்டப்படுவது யாது, காட்டப்படாதது யாது, அவர்தம் கூரிய பார்வையால் விளைந்த பயன் யாது என்பனவற்றை, அமெரிக்காவிற் கலிபோணியா மாநிலத்துப் பேர்பாங்க் நகரிலுள்ள வோல்ற் டிஸ்னி ஸ்ரூடியோவைச் சிறப்பாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

ஸ்ரூடியோவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு அதனையே ஒரு வேடிக்கையாக்கியவர்களுள் முன்னின்றவர், ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய கார்ல் லெம்லி என்பவர். 1915ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் திகதி லொஸ் ஏஞ்செல்சுக்கு அணித்தாகிய சான் பெர்னாண்டோப் பள்ளத்தாக்கில் யூனிவேர்சல் நகர் என்னும் பெருஞ் ஸ்ரூடியோவை அவர் திறந்துவைத்தார். 25 சதம் கொடுத்தவர் எவரும் அங்கே படிவரிசை ஆசனங்களில் அமர்ந்து படம் பிடிக்கப்படுவதைப் பார்க்கலாம். அக்காலத்துப் படங்கள் பேசாப்படங்களாதலின், பார்ப்போர் ஆரவாரித்தாலும், கள்வனைக் கண்டு கூச்சலிட்டாலும், கைதட்டினாலும் படத்துக்கு யாதொரு குறையும் நேரவில்லை. ஆனால் ஒலிப்படம் வந்ததும் நிலைமை மாறிற்று. ஒரு தும்மல் ஒரு காட்சியையே கெடுக்கக்கூடியதாயிற்று, வாயில் அடைக்கப்பட்டது. பின்னர் 1964ஆம் ஆண்டிலேதான் வண்டித்தொடரில் மக்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் முறை அங்கே மீண்டும் தொடங்கியது. அதற்குள் அஃது ஒரு தனி வியாபாரமாகிவிட்டது. வண்டியிற் செல்வோர் காண்பவற்றுட் பல அவர்கள் காண்பதற்கென்றே செய்து வைக்கப்பட்டவை. அது குறித்து இங்கு விரித்தல் வேண்டா.

டிஸ்னி ஸ்ரூடியோ இதனின் வேறுபட்டது. அங்கே வேடமிட்ட நடிகரோ குதிரை வீரரோ இலர். மேசைக்கு முன் குனிந்திருந்து வரைவோரே முதன்மையானோர். 1937ஆம் ஆண்டு திசெம்பர் 21ஆந் திகதி முதன்முறை காட்டப்பட்ட ‘ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளரும்’ என்னும் நெடுஞ் சித்திரப்படம் ஈட்டிக்கொடுத்த பணத்தைக்கொண்டு பேர்பாங்கில் 51 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் 1940 வரை ஸ்ரூடியோ அங்கே குடிபெயர்ந்தது. கட்டடங்களைத் திட்டமிட்டவர் கெம் வெபர் என்பவர். ஓவியர் பணிபுரியும் பெருங் கட்டடம் பல சிறகுகளாகப் பிரிக்கப்பட்டு, அறைகளுக்கு இயற்கை வெளிச்சம் கிடைக்குமாறு அமைக்கப்பட்டது. தூசி படத்தின் பகையாதலின் குளிரூட்டிய காற்றே உள்ளே செலுத்தப்பட்டது. பென்சில் ஓவியங்களை மழையிலும் வெயிலிலும் கொண்டு செல்லாதிருக்கும் பொருட்டு, ஓவியர் கட்டடத்திலிருந்து மை தீட்டும் கட்டடத்துக்கு நிலத்தின் கீழே ஒரு சுரங்கவழியும் வெட்டப்பட்டது.

அச்சுரங்கவழியின் இரு முனைகளிலும் நடந்த வேலையை அறியாதார்க்கு ஸ்ரூடியோவைக் காண்பதால் ஆவதொன்றில்லை. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஸ்னோ வைற் படம் 83 நிமிடம் ஓடுவது. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 119,500 படங்களாகின்றன. ஒரு வரைவையே இரு படங்களுக்குப் பயன்படுத்தும் சிக்கனமும் உண்டு. ஆயினும் ஒரே காட்சியிற் பல உருவங்கள் வருதலானும், ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் வரையப்படுதலானும் அச்சிக்கனம் பெரிதும் ஈடாகிவிடுகின்றது. முதன்மை ஓவியர் ஓர் அசைவின் இன்றியமையாத நிலைகளை வரைவர். இடைப்பட்ட நிலைகளை இளையோர் நிரப்புவர். மற்றுஞ் சிலர் கோடுகளைச் செப்பனிடுவர். இவ்வளவும் பென்சிலால் ஆனவை. பின்னர் அவை சுரங்கவழியே மறுகட்டடத்துக்குச் செல்லும். அங்கே பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒளி ஊடுருவும் செலுலோயிட் தாளை அவ்வரைவின்மேல் வைத்து, எழுதுகோலால் மைக்கோடு இழுப்பர். மை உலர்ந்தபின் தாளைப் புரட்டி, மறுபுறத்தே வர்ணம் தீட்டுவர். கோட்டைத் தாண்டி வர்ணம் வழியாதிருக்கவும், தூரிகைத் தடம் முன்புறம் தெரியாதிருக்கவும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. மயிரிழையளவு கோடு பிசகினும், திரையிலே அஃது ஓர் அடியளவு நடுங்கித் தோன்றும். கோட்டுக்கும் கறுப்பு மை மட்டும் பயன்பட்டதன்று. கன்னத்தின் ஓரம் செந்நிறக் கோட்டாலும், உடையின் ஓரம் அவ்வுடையின் நிறத்துக்கு இசைந்த கோட்டாலும் இழுக்கப்பட்டன. ஸ்னோ வைற்றின் கன்னத்து மென்சிவப்போ வர்ணப் பூச்சாலும் ஆனதன்று. அத்தாளின்மேல் தனியே சாயந் தேய்த்து, ஒவ்வொரு தாளிலும் ஒரே அளவாக வருமாறு அப்பெண்கள் கைப்பழக்கத்தாற் செய்தது. அப்பிரிவில் முன்னின்ற ஹெலன் ஓகர் என்பவர் இவ்வேலையில் வல்லவர் எனச் சிறப்பித்துப் பேசப்படுபவர்.

தாள்கள் ஆயத்தமானபின் கமராவின் முறை. இங்கேதான் பார்வையாளர் பெரிதும் வியந்து நிற்கும் பொறியொன்று உளது. அதனைப் பல்தளக் கமரா எனலாம். அதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். நிலாக்காலத்திலே பனங்காணி வரம்பில் ஒருவன் நடந்து செல்கின்றான். அருகிலுள்ள பனைகள் அவனைக் கடந்து விரைவாய்ப் பின்னே செல்கின்றன; அப்பாலுள்ள கோயிற் கோபுரம் மெல்ல நகர்கின்றது; நிலவோ நகராமல் அவனுடனேயே வருகின்றது. அவன் எத்துணைத் தூரம் நடந்தாலும் நிலவு பெருப்பதில்லை. இக்காட்சியை ஒரே தாளில் எழுதிக் கமராவை அதனருகே கொண்டுசென்றாலோ, பனை பெருக்கும் அளவுக்கு நிலவும் பெருக்கும். பார்ப்பவன் கண் உடனே அதனைப் பொய்யெனக் கண்டுகொள்ளும். ஆகவே பனையை ஒரு கண்ணாடியிலும், கோபுரத்தை மற்றொன்றிலும், நிலவைக் கடைசித் தளத்திலும் எழுதி, அவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக இடைவெளிவிட்டு நிறுத்தி, மேலிருந்து கீழ்நோக்கிக் கமராவைப் பொருத்தினர். ஏழு தளம் வரை அதில் வைக்கலாம். ஒவ்வொரு தளத்தையும் ஒவ்வொரு விரைவில் நகர்த்தி, நகர்த்துந்தோறும் ஒரு படம் எடுப்பர். பலர் சேர்ந்து இயக்கவேண்டிய உயரமான பொறி அது. 1937ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பழைய ஆலை’ என்னும் குறும்படத்தில் அது முதன்முறை பயன்பட்டது. இம்முறையை முதன்முதற் கண்டவர் டிஸ்னியே என்று சிலர் கூறுவது பொருந்தாது. அதற்கு முன்னரே, 1926ஆம் ஆண்டில், லொற்ற றைனிகர் என்னும் ஜேர்மன் பெண்மணி கண்ணாடித் தளங்களை அடுக்கி நிழலுருவப் படமொன்றை ஆக்கியிருந்தார். டிஸ்னி ஸ்ரூடியோவின் சிறப்பு அதனைப் பெரிதாக்கித் துல்லியமாக்கியமையேயாம். அப்பொறிகளுள் ஒன்று இன்றும் பேர்பாங்க் ஸ்ரூடியோவில் பிராங்க் வெல்ஸ் கட்டடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய ஸ்ரூடியோவைச் சுற்றிக்காட்டும் எண்ணம் வோல்ற் டிஸ்னிக்கே முதலில் எழுந்தது. ஆனால் அவர் மக்களை ஸ்ரூடியோவுக்கு அழைக்கவில்லை; ஸ்ரூடியோவையே படமாக்கி மக்களிடம் அனுப்பினார். ‘தயங்கிய டிராகன்’ என்னும் பொருள்படும் பெயருடைய அப்படம் 1941ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்தது. நகைச்சுவை எழுத்தாளராகிய ரொபேட் பெஞ்ச்லி, மனைவியின் தூண்டுதலால், டிஸ்னியிடம் ஒரு கதையை விற்பதற்காகப் பேர்பாங்குக்கு வருகின்றார். வழிகாட்டியாக விடப்பட்ட இளைஞனின் பேச்சுத் தொல்லை தாங்காமல் அவனைவிட்டு நழுவி, கண்ட கண்ட அறைகளுக்குட் புகுகின்றார். ஓரறையில் மாணவர் நடுவே ஒரு யானை நிற்கின்றது. அதனைப் பார்த்து அவர்கள் வரைந்துகொண்டிருக்கின்றனர். மற்றோரறையிற் புகைவண்டியின் ஒலியைத் தகரங்களும் கருவிகளும் கொண்டு எழுப்புகின்றனர். தொடக்கத்திற் கறுப்பு வெள்ளையாக ஓடும் படம், அவர் கமரா அறைக்குட் கால்வைத்ததும் வர்ணப்படமாக மாறுகின்றது. பின் வர்ணங் கூட்டும் அறை, பொம்மை வார்க்கும் அறை, கதை சொல்லும் அறை, ஓவியர் அறை என்று போய், இறுதியில் வோல்ற் டிஸ்னியைச் சந்திக்கின்றார். அவர் விற்கக் கொண்டுவந்த கதையையோ டிஸ்னி ஏற்கெனவே படமாக்கி முடித்துவிட்டார்.

நகைச்சுவை நிறைந்த படம் அது. வேலைமுறையை விளக்குவதிலும் குறைவற்றது. ஆனால் அதில் வரும் ஸ்ரூடியோ ஊழியர் எல்லாரும் ஊழியரல்லர். வார்ட் கிம்பல், பிரெட் மூர் முதலிய உண்மை ஓவியர் சிலர் தோன்றுவது மெய்யே. ஆயினும் பெஞ்ச்லிக்கு இடங்களைக் காட்டும் பெண்ணாக வருபவர் பிரான்சிஸ் கிபேட் என்னும் நடிகை. கதைப்பகுதி ஊழியராக வந்து கதை சொல்பவர், பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற அலன் லாட் என்னும் நடிகர். திரைக்குப் பின்னே நடப்பதைக் காட்டும் படத்துக்கும் திரைக்குப் பின்னே வேடமிட்டோர் தேவைப்பட்டனர்.

இதனினும் பெரிய மறைப்பு ஒன்று இருந்தது. அப்படம் வெளிவருமுன்னரே, 1941ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி, ஸ்ரூடியோ ஊழியரிற் பெருந்தொகையானோர் வேலைநிறுத்தஞ் செய்து வாயிலின் முன் நின்றனர். ஐரோப்பியப் போரால் வெளிநாட்டு வருமானம் அற்று, ‘பினோக்கியோ’, ‘பன்ரேசியா’ என்னும் இரு பெரும்படங்கள் 1940இல் நட்டமடைந்தமை ஒரு காரணம். சம்பளத்தில் நிலவிய ஏற்றத்தாழ்வு மற்றொன்று. முதன்மை ஓவியர் சிலர் கிழமைக்கு 200 டொலருக்கு மேற் பெற, மை தீட்டும் பெண்கள் 20 டொலர் அளவிற்றானும் பெறுவது அரிதாயிருந்தது. படத்திற் பெயர் குறிக்கப்படாமையும் மனக்குறையாயிற்று. தொழிற்சங்கத்தை ஆதரித்த ஆர்ட் பாபிற் என்னும் தலைசிறந்த ஓவியரை ஸ்ரூடியோ விலக்கியதும் நெருப்பு மூண்டது. அவர் உயர்ந்த சம்பளம் பெற்றவர். தமக்காக அன்றிக் கீழ்நிலை ஊழியர்க்காகவே வெளியே வந்தவர் என்பது கருதத்தக்கது. ஆகவே, 1941ஆம் ஆண்டு யூன் மாதத்திலே படமாளிகையில் அமர்ந்திருந்தவன் மகிழ்ச்சி ததும்பும் ஸ்ரூடியோவைத் திரையிற் கண்டான். வேலைநிறுத்தக்காரரோ அப்படமாளிகையின் வாயிலிலேயே பதாகை தாங்கி நின்றனர். கோடைமுழுதும் நீடித்த அப்பிணக்கு அரசாங்கத்தின் தலையீட்டாலே தீர்ந்து, தொழிற்சங்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பழைய நட்பு மீளவில்லை. முதன்மையான ஓவியர் பலர் ஸ்ரூடியோவை விட்டு விலகினர். ஹெலன் ஓகரும் 1941இல் விலகினார். அவர் கைவண்ணமாகிய கன்னச்சிவப்பு பின்வந்த படங்களிலே தொடரவில்லை.

டிஸ்னியின் செயலை முற்றாகப் பழித்தலும் முறையன்று. படம் வேலைநிறுத்தத்துக்கு முன்னரே எடுக்கப்பட்டது. எனினும், ஸ்ரூடியோ தன்னைத் தானே காட்டும்பொழுது எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 1954ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் டிஸ்னியின் வாராந்த நிகழ்ச்சி தொடங்கியபோதும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. கடலடிப் படமொன்று எடுக்கப்பட்ட வகையை விளக்கிய பகுதி பரிசும் பெற்றது. படம் வெளிவருமுன்னரே அதனைக் காணும் ஆவலை வீட்டிலிருப்போரிடம் எழுப்பிய அந்நிகழ்ச்சியைக் கல்வி என்பதா விளம்பரம் என்பதா? இரண்டுமே என்பதுதான் உண்மை.

இனி வீட்டுப் பார்வையாளரிடம் வருவாம். 1975இல் சோனிக் கொம்பனியார் வீட்டிலே தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்யத்தக்க பொறியை வெளியிட்டனர். மறுவருடமே யூனிவேர்சல் நிறுவனமும் டிஸ்னி நிறுவனமும் சேர்ந்து அப்பொறிக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. மக்களுக்கு ஸ்ரூடியோ வாயிலைத் திறந்துவிட்ட நிறுவனமும், ஸ்ரூடியோவையே படமாக்கி வீடுதோறும் காட்டிய நிறுவனமும், மக்கள் படத்தைத் தம் வீட்டில் வைத்திருப்பதைத் தடுக்க ஒன்றுசேர்ந்தன! வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1984ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நீதிபதிகள் பிரிந்து, பின்னர் பார்ப்பதற்காக வீட்டிலே பதிவு செய்தல் குற்றமன்று எனத் தீர்த்தனர். டிஸ்னி நிறுவனமோ தீர்ப்பு வருமுன்னரே, 1980ஆம் ஆண்டு தொடக்கம், தன் படங்களைத் தானே வீடியோ நாடாவாக விற்கத் தொடங்கிவிட்டது. 1994இல் ஸ்னோ வைற் நாடாவாக வெளிவந்தபோது அடைந்த விற்பனை, நிறுவனத்தார் முன்னர் எதற்கு அஞ்சினரோ அதுவே அவர்க்குப் பொன்விளையும் பூமி என்பதை ஐயமறக் காட்டிற்று.

நாடாவைக்காட்டிலும் பெரிய மாற்றத்தை விளைத்தது லேசர் வட்டு. படத்தை நிறுத்தி, அசைவற்ற ஒரு படத்தையே நெடுநேரம் நோக்கவும், ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கவும் அது வழிசெய்தது. 1984ஆம் ஆண்டு ‘கிங் கொங்’ என்னும் பழைய படத்தின் லேசர் வட்டில், படம் ஓடும்போதே அதன் ஆக்கத்தை அறிஞரொருவர் விளக்கும் குரலும் தனித்தடமாகச் சேர்க்கப்பட்டது. 1997இல் அமெரிக்காவில் டி.வி.டி. வட்டு விற்பனைக்கு வந்தபின் இவ்வழக்கம் பரவியது. 2002ஆம் ஆண்டில், மேலே கூறிய ‘தயங்கிய டிராகன்’ படமும், ஸ்ரூடியோவின் உள்ளே நடப்பதைக் காட்டும் வேறு பழைய படங்களும் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. அறுபத்தோராண்டுகட்கு முன் படமாளிகை இருளில் ஒருமுறை கண்டு மறந்ததை, வீட்டிலிருந்து நிறுத்தி நிறுத்தி ஆராயக்கூடியதாயிற்று.

நிறுத்திப் பார்ப்பவன் கண்ணுக்குத் தோன்றுவன, ஓடும்போது பார்ப்பவனுக்குத் தோன்றாதன. கோட்டின் நிறம் தோன்றும். கன்னத்தில் தேய்த்த சாயத்தின் மங்கிய ஓரம் தோன்றும். கண்ணாடித் தளத்திற் கிடந்த ஒரு துகள் தூசி தோன்றும். இவற்றைக் கண்டவன் ஸ்ரூடியோவுக்குச் செல்லும்போது கேட்கும் கேள்வி, 1915இல் 25 சதம் கொடுத்தவன் கேட்டிருக்கக்கூடிய கேள்வியன்று. ‘இவ்வித்தையை எப்படிச் செய்தீர்கள்?’ என்பதோடு அவன் அமையான். ‘இக்கோட்டை இழுத்தவர் யார்? மூலப்படம் எங்கே உளது? நான் வாங்கிய வட்டிலுள்ள நிறம் அவர் தீட்டிய நிறந்தானா?’ என்று கேட்பான்.

பேர்பாங்க் ஸ்ரூடியோ பொதுமக்களுக்கு நாடோறும் திறந்திருப்பதன்று. வட்டுக்களைப் பற்றி எழுதுவோர் புதிய வெளியீடுகளின்போது அழைக்கப்படுவதுண்டு. 2009இல் நிறுவப்பட்ட டி23 என்னும் அன்பர் சங்கத்தின் அங்கத்தவர்களுக்கும் சுற்றுப்பார்வை ஒழுங்கு செய்யப்படுகின்றது. அப்படிச் செல்வோர் பழைய ஓவியர் கட்டடத்தைக் காண்பர். 1990இல் எழுந்த அலுவலகக் கட்டடத்தின் முகப்பில், ஏழு குள்ளரும் தூண்களாகிக் கூரையைத் தாங்குவதைக் கண்டு நகைப்பர். எல்லாரும் தவறாது படம் பிடித்துக்கொள்வது ஒரு தெருச்சந்திப் பலகையை. அதிலே ஒருபுறம் மிக்கி மவுசின் பெயரும், மறுபுறம் குள்ளருள் ஒருவனாகிய டோப்பியின் பெயரும் தெருப்பெயர்களாக எழுதப்பட்டுள்ளன. அப்பலகை தெருவுக்காக நாட்டப்பட்டதன்று. ‘தயங்கிய டிராகன்’ படத்தின் படப்பிடிப்புக்காகச் செய்து நாட்டப்பட்டது. படம் முடிந்தபின்னும் அகற்றப்படாமல் நின்றுவிட்டது. பொய்யாகச் செய்தது காலத்தால் மெய்யாகி, இன்று தெருவுக்கே அதன் பெயர் வழங்குகின்றது.

இனி மூலப்படத்தைப் பற்றிய கேள்வி. இதுவே இக்காலத்துப் பார்வையாளர்க்கும் ஸ்ரூடியோவுக்கும் இடையே உண்மையான வழக்கு. அக்காலத்துப் பிலிம் நைத்திரேற்று என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளாலானது. காலத்தால் சுருங்கி, ஒட்டி, பொடியாவது. அதனினும் வியப்பான செய்தி, அவ்வர்ணப் படங்களின் மூல நெகற்றிவில் வர்ணம் இல்லை என்பது. ஒவ்வோர் ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகண்ணாடிகளினூடாக ஒன்றன்பின் ஒன்றாக மும்முறை, கறுப்பு வெள்ளைப் பிலிமிலேயே படம் பிடித்தனர். மூன்றையும் பின்னர் சேர்த்தபோதே வர்ணம் பிறந்தது. 1950இல் வெளிவந்த ‘சிண்டரெல்லா’ 74 நிமிடம் ஓடுவது. ஆகவே அதன் மூலம் 319,000க்கு மேற்பட்ட படங்களைக் கொண்டது. சாயம் வெளிறும், கறுப்பு வெள்ளையில் உறைந்த வெள்ளி அங்ஙனம் வெளிறுவதில்லை. நிறத்தை நிறமின்றிக் காத்து வைத்த இவ்வுபாயமே இன்றைய மீட்புப்பணிக்குக் கைகொடுக்கின்றது. 1993இல் ஸ்னோ வைற் படம் முழுவதும் கணினிக்குள் ஏற்றப்பட்டு, செப்பனிடப்பட்டு, மீண்டும் பிலிமில் இறக்கப்பட்டது. ஒரு படம் முழுமையாக இவ்வாறு செய்யப்பட்டது அதுவே முதன்முறை.

கணினி செய்யும் உதவிக்கு ஒரு விலையும் உண்டு. தூசியை அகற்றுமாறு ஏவப்பட்ட பொறிக்கு, தூசி எது, மெல்லிய கோடு எது என்பது தெரியாது. பிலிமுக்கு இயல்பாயுள்ள மணியுருவையும் அழுக்கென்று அழிக்கின்றபோது, அதனோடு பெண்கள் இழுத்த நுண்கோடும் அறுகின்றது. 2012இல் வெளிவந்த சிண்டரெல்லா புளூ-ரே வட்டைக் கண்ட அன்பர் பலர் இக்குறையையே எடுத்துக்காட்டினர். முகத்திற் கோடு விட்டுவிட்டுத் தோன்றிற்று. ஆடை வெள்ளிநிறத்தைவிட்டு நீலஞ் சார்ந்தது. பரப்பெல்லாம் நேற்றுத் தீட்டியதுபோல வழுவழுத்தது. புத்தம்புதிதாய்த் தோன்றுவதையே பொதுமக்கள் விரும்புவர் என்று வாதிப்பாரும் இருந்தனர். கமராக்காரரே அந்நாளில் வேண்டாமென்று ஒதுக்கிய தூசியை நாம் ஏன் காத்தல் வேண்டும் என்று அவர் கேட்பது நியாயமே. ஆனால் தூசி தற்செயலாக விழுந்தது. கோடு கருதி இழுக்கப்பட்டது. ஒன்றை நீக்குவதற்காக மற்றையதை இழப்பது, சுவடியிலுள்ள புழுத்துளையை அடைக்கப்போய் எழுத்தையும் சேர்த்து மெழுகிவிடுவதை ஒக்கும். பழஞ்சுவடி பதிப்பித்த நம் பெரியோர் இதனை நன்கறிவர்.

அன்பர்தம் குறைகூறல் வீண்போகவில்லை என்றே கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு சிண்டரெல்லா மீண்டும் செப்பனிடப்பட்டபோது, அமெரிக்க நாட்டு நூலகமாகிய கொங்கிரஸ் நூலகத்திலிருந்து மூல நைத்திரேற்று நெகற்றிவே பெறப்பட்டது. கணினி வல்லுநரோடு எரிக் கோல்ட்பேக், மைக்கல் ஜியெய்மோ ஆகிய ஓவியரும் உடனிருந்து நிறத்தையும் கோட்டையும் நோக்கினர். அவ்வாண்டு பேர்லின் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டபின் அது வட்டாகவும் வெளிவந்தது. கோடுகள் மீண்டன, மணியுருவும் மீண்டது. முன்னைய வட்டைக் குறைகூறியோரே இதனைப் போற்றினர். இறுவட்டு வாங்குவோர் தொகை ஆண்டுதோறும் குறைந்துவரும் இக்காலத்தில், அவ்வாங்குவோரின் கண்ணுக்கு ஸ்ரூடியோ மதிப்பளித்தமை ஒரு நற்பேறு. வட்டு வியாபாரம் நின்றுபோகுமாயின் அடுத்த படத்தின் மூலத்தை எடுத்துவரச் செலவிடுவார் யார் என்னும் கேள்விக்கு விடை இன்னும் கிடைத்திலது.

பேர்பாங்கிலே சுற்றிப் பார்ப்போர் ஓவியர் கட்டடத்தைவிட்டு மை தீட்டும் கட்டடத்தை நோக்கி நடக்கும் பாதையின் கீழேதான் அப்பழைய சுரங்கவழி செல்கின்றது. 1961இல் வந்த ‘நூற்றொரு டல்மேசியன்’ படத்தோடு கையால் மைக்கோடு இழுக்கும் முறை பெரும்பாலும் ஒழிந்தது. பிரதியெடுக்கும் பொறி அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. 1990இற் கணினி வந்து செலுலோயிட் தாளையும் தூரிகையையும் ஒருங்கே விலக்கியது. சுரங்கவழியின் மறுமுனையில் மை தீட்டிய பெண்களின் பெயர்களைப் பழைய படங்களின் தொடக்கத்திலே தேடுவோர் காண்பதரிது. அவர்தம் வரலாற்றை ஆராய்ந்து மிண்டி ஜோன்சன் என்னும் பெண்மணி எழுதிய பெருநூல் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிற் பெயர் இடம்பெற்ற பெண்களுட் பலர் அதற்கு முன்னரே இறந்துவிட்டனர்.